மூன்றாம் பாகம் எப்படி முடிய வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அரண்மனைச் சூழ்ச்சிகளை மையமாகக் கொண்ட ஃபேன்டஸி (மாயக் கற்பனை) நாவல்களைப் பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரியில் விடை சொல்லியிருந்தேன். அது போதவில்லை என்பது கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. கேட்டவர்கள் பலராயினும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: மூன்று பாகங்களாக ஓடிய கதை எப்படி முடிந்தால் படித்தவர் மனம் நிறையும்? ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். அரசியலும் திரைப்படமும் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கோபிசெட்டிபாளையம் வாசகி: ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கிய மூன்று பாக நாவல் ஒன்றைச் சென்ற மாதம் முடித்தேன். மன்னர் நோயில் கிடக்கிறார்; அவருடைய இரண்டு மகள்களுக்கும் தலைமை அமைச்சனுக்கும் இடையே நடக்கும் சூழ்ச்சிகளே கதை. மூன்றாம் பாகத்தில் பெரும் போர் ஒன்று வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதற்குப் பதிலாக, முதல் பாகத்தில் செவிலித்தாயின் மகனுக்கு அமைச்சன் வழங்கிய பயண ஓலை ஒன்றை இளைய இளவரசி அவையில் எடுத்து வாசிக்கிறாள். ஓலையில் அரச முத்திரை இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் நாளோ, மன்னர் முத்திரையை அமைச்சனிடம் ஒப்படைத்த நாளுக்கு மூன்று நாள் முந்தையது. அவ்வளவுதான், அமைச்சன் வீழ்ந்துவிடுகிறான். ஓலையைக் கொடுத்த குற்றத்துக்காகச் செவிலித்தாயின் மகன் நாட்டை விட்டுப் போக நேர்கிறது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. என் கணவரோ, "இதுக்கா மூணு புத்தகம்?" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் பக்கமே நிற்கிறேன். உங்கள் கணவரின் கேள்வியிலும் ஒரு நியாயம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

யாரிடம் படை மிகுதி என்ற கேள்விக்குத்தான் போர் விடை சொல்லும். சூழ்ச்சிக் கதை இரண்டு பாகங்களாக நம்மிடம் கேட்டுவந்த கேள்வி வேறு: யாருக்கு எது தெரியும், யார் யாரை நம்புகிறார்கள், எந்தக் கதவுக்குப் பின்னால் நின்று யார் கேட்டார்கள். இதற்குப் பழகிய வாசகர், ஓலையின் முத்திரை, தாதியின் முகக்குறிப்பு, விருந்தில் ஒருவர் தொடாமல் விட்ட கிண்ணம் என்று ஒவ்வொன்றையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து வருகிறார். கடைசி அத்தியாயத்தில் வடக்கிலிருந்து பத்தாயிரம் குதிரைகள் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைத்தால், இவ்வளவு நேரம் கவனித்தது வீண்வேலை என்று எழுத்தாளரே வாசகரிடம் சொல்லிவிட்டதாக ஆகும். நீங்கள் படித்த நாவலில் சான்று முதல் பாகத்திலேயே உங்கள் கண்முன் கிடந்தது, நாளும் எழுதியிருந்தது, நீங்களும் அதைப் படித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பினீர்கள். "அடடா, அப்போதே தெரிந்திருக்க வேண்டுமே" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அந்த எழுத்தாளர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று பொருள்.

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் எழுதும் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு வைத்தார் என்பது அதில் ஏறிவிடும். பத்து ஆண்டுகள் கழித்து அவர் வீட்டு விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஊர் பேசும். முதல் பாகத்தில் ஒருவன் செய்த உதவி, சொன்ன பொய், கொடுத்த வாக்கு, அடைந்த அவமானம் எல்லாமே இவ்வாறு எழுதப்பட்டவைதாம். மூன்றாம் பாகத்தில் அவை உரியவர் கையாலேயே தீர வேண்டும். உங்கள் அமைச்சன் தன் கையெழுத்தாலேயே வீழ்ந்தான். அவன் இடி விழுந்து செத்திருந்தாலோ, குதிரையிலிருந்து தவறி விழுந்து கழுத்தொடிந்திருந்தாலோ, தீயவன் ஒழிந்தான் என்ற ஆறுதல் உங்களுக்குக் கிடைத்திருக்கும்; நிறைவு கிடைத்திருக்காது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் செய்திதான்: செவிலித்தாயின் மகன் நாட்டை விட்டுப் போகிறான். இளவரசி அந்த ஓலையை வாசித்தால் அது யாரிடமிருந்து வந்தது என்பது அவைக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் சிறு வயது முதல் தன்னோடு வளர்ந்தவனை இழக்க வேண்டியிருக்கும். இதை அறிந்தே அவள் வாசிக்கிறாள். அரியணை அவளுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. வென்றவர் எதையும் இழக்காமல் வென்றால், அதுவரை அரண்மனையை அவ்வளவு கொடிய இடமாக நமக்குக் காட்டியது வெறும் பூச்சாண்டி என்றாகிவிடும். சிலர், குறிப்பாக விமர்சனம் எழுதுவோர், இன்பமான முடிவு என்றாலே மலிவானது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை கொடுத்து வாங்கிய இன்பத்தை மலிவு என்று எப்படிச் சொல்வது?

உங்கள் கணவரின் நியாயத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தின் இறுதியில் எல்லைப்புறத்தில் படைகள் திரண்டு நின்றதாக அந்த எழுத்தாளர் எழுதியிருந்தால், அந்தப் படைகள் என்னவாயின என்று கேட்க உங்கள் கணவருக்கு முழு உரிமை உண்டு. போர் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஓலை வாசிக்கப்பட்டதைக் கேட்டுத் தளபதி பாசறையைக் கலைத்தான் என்று ஒரு பக்கமாவது வந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். இருந்தால் வழக்கு உங்கள் பக்கம் தீர்ந்தது.

திருப்பூர் வாசகர்: இத்தகைய நாவல்கள் ஏன் மூன்று பாகங்களாகவே வருகின்றன? இதில் ஏதாவது இலக்கணம் உண்டா?

பதில்: இலக்கணத்தைவிட அச்சகக் கணக்குத்தான் அதிகம். இந்த வழக்கத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும், ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஒரே நாவலாக எழுதப்பட்டது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் தாள் விலை ஏறிக்கிடந்ததாலும், அவ்வளவு பெரிய நூலை ஒரே மூச்சில் வெளியிடப் பதிப்பாளர் தயங்கியதாலும் 1954, 1955 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. பின்னால் வந்தவர்கள் அதையே அச்சாகக் கொண்டுவிட்டார்கள். சூழ்ச்சிக் கதைக்கு இந்தப் பிரிவு நன்றாகவே பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும்: வலை விரிக்க ஒன்று, சிக்க ஒன்று, அறுக்க ஒன்று.

தாராபுரம் வாசகி: 'பொன்னியின் செல்வ'னை என் அம்மா இன்றும் ஒரு குறையோடுதான் மூடிவைக்கிறார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி உடைத்துச் சொல்லவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். ஃபேன்டஸி எழுதுவோரும் இப்படி ஒன்றை மூடிவைக்கலாமா?

பதில்: உங்கள் அம்மாவின் ஆதங்கம் தனி ஒருவருடையதன்று. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் அந்தத் தொடர் வந்து முடிந்தபோதே வாசகர்கள் இப்படிப் பலவற்றைக் கேட்டெழுதினார்கள். அதற்காகவே கல்கி முடிவுரை ஒன்றை எழுதி, முக்கியமான கதைமாந்தர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது.

கல்கிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களையும் அவர்கள் உறவினரையும் சேர்ந்த உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியைச் சொல்கிறது. அவர்களை ஏவியவர் யார், கொலைக்குக் காரணம் என்ன என்பதைக் கல் சொல்லவில்லை. கல் பேசாத இடத்தில் நாவலாசிரியர் தாம் ஒன்றை அடித்துச் சொல்லாமல், அந்த இரவில் அந்த அறையில் இருந்தவர் சிலர் தம்மையே குற்றவாளியாகக் கருதும்படி எழுதிவிட்டுப் போனார். நிறைவு என்று நான் சொல்வதற்கு அந்தக் கதையில் வேறோர் இடம் இருக்கிறது. ஐந்து பாகங்களாக எல்லோரும் அருள்மொழிவர்மரின் தலையில் காண விரும்பிய முடியை, அவரே எடுத்து உத்தமச் சோழருக்குச் சூட்டுகிறார். சூழ்ச்சிக்காரர்கள் போட்ட கணக்கு எதிலும் இப்படி ஒரு செயலுக்கு இடமில்லை. பறிக்கவும் காக்கவும் திட்டம் போட்டவர்களுக்கு, கொடுப்பவனை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஃபேன்டஸி எழுதுபவருக்கோ கல்வெட்டு இல்லை. நாடும் அவர் படைத்தது, கொலையும் அவர் செய்தது. கொலையாளி யார் என்பதையே மூன்று பாகங்களுக்கும் இழுவிசையாக வைத்துவிட்டு, முடிவில் "அது மர்மமாகவே இருக்கட்டும்" என்று நழுவினால், அதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

சென்னிமலைக் கல்லூரி மாணவர்: அரண்மனைச் சூழ்ச்சியும் மாயமும் கலந்த கதைகளை ஆங்கிலத்திலிருந்தே கொண்டுவர வேண்டியிருக்கிறதே, தமிழில் இதற்கு முன்னோடி இல்லையா?

பதில்: சென்னிமலையிலிருந்து இதைக் கேட்கிறீர்களே, விஜயமங்கலம் உங்களுக்குக் கூப்பிடு தூரமல்லவா! நம் மண்ணைச் சேர்ந்த கொங்குவேளிர் இயற்றிய 'பெருங்கதை'யை விஜயமங்கலத்தோடு சேர்த்துத்தான் மரபு சொல்லிவருகிறது. குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும் 'பிருகத்கதை'யின் வழியில் வந்த நூல் அது. உதயணன் என்ற வத்தவ நாட்டு மன்னனின் கதை. நீங்கள் தேடும் சூழ்ச்சியும் மாயமும் அதில் வேண்டிய மட்டும் உண்டு.

எந்திர யானைக்குள் வீரர்களை ஒளித்துவைத்து உதயணனைச் சிறைபிடிக்கிறான் உஞ்சை நகர வேந்தன் பிரச்சோதனன். மன்னனை மீட்க வரும் அமைச்சன் யூகி, தான் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பிவிட்டு மாறுவேடத்தில் அந்த நகருக்குள் திரிகிறான். அங்கே நளகிரி என்ற பட்டத்து யானைக்கு அவன் வெறியேற்ற, உதயணன் யாழிசையால் அதை அடக்குகிறான். அதனால் மதிப்புப் பெற்று இளவரசி வாசவதத்தைக்கு யாழாசிரியனாகி, இறுதியில் அவளையும் அழைத்துக்கொண்டு பெண்யானை ஒன்றின்மேல் தப்பிச் செல்கிறான். இதுவரை நடந்ததெல்லாம் முதல் பாகத்துக்கு உரிய விறுவிறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வருவதுதான் உண்மையான அரண்மனைச் சூழ்ச்சி. மனைவியின் மேலுள்ள காதலில் மூழ்கிய உதயணன் நாட்டை மறக்கிறான். தலைநகர் கோசாம்பியோ பாஞ்சால மன்னன் ஆருணியின் கையில் இருக்கிறது. அதை மீட்க மகத நாட்டின் துணை வேண்டும், அந்தத் துணைக்கு மகத இளவரசி பதுமாபதியை உதயணன் மணக்க வேண்டும், வாசவதத்தை உயிரோடிருக்கும்வரை அவன் மணக்கமாட்டான். யூகி என்ன செய்கிறான் தெரியுமா? அரசியை மறைத்துவைத்துவிட்டு அரண்மனைக்குத் தீ வைக்கிறான். இலாவாண காண்டத்தில் 'தேவியைப் பிரித்தது', 'கோயில் வேவு' என்று அடுத்தடுத்து வரும் பகுதிகளைப் படித்துப் பாருங்கள். மன்னனுக்கு நன்மை செய்ய மன்னனையே ஏமாற்றும் அமைச்சன் என்ற சிக்கலை இதைவிடக் கூர்மையாக எழுதிவிட முடியாது. பதுமாபதியை மணந்து, ஆருணியை வென்று, கோசாம்பியை மீட்ட பிறகே வாசவதத்தை உயிரோடிருப்பது உதயணனுக்குத் தெரியவருகிறது. அரியணை திரும்பியது, மனைவி திரும்பினாள், ஆனால் இப்போது அரண்மனையில் இரண்டு அரசியர், இடையில் பொய் சொன்ன ஓர் உண்மை ஊழியன். முடிச்சை அவிழ்க்கும்போதே அது விட்டுப்போகும் தழும்பையும் காட்டுகிற இந்த முறையை இன்றைய எழுத்தாளர்கள் அங்கிருந்து கற்கலாம்.

இதில் நமக்கு ஒரு பெரிய இழப்பும் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1924-இல் இந்நூலைப் பதிப்பித்தபோது, சுவடிகளில் தொடக்கப் பகுதியும் இறுதிப் பகுதியும் கிடைக்கவில்லை. உதயணனின் மகன் நரவாணன் வித்தியாதரர் என்னும் தேவகணத்தாருக்குச் சக்கரவர்த்தியாகும் கதையைச் சொல்ல வந்த காண்டம் இடையிலேயே அறுந்து நிற்கிறது. உதயணன் இறுதியில் அரசு துறக்கிறான் என்பதைப் பின்னாளைய 'உதயணகுமார காவிய'த்தின் துறவுக் காண்டத்தைக் கொண்டுதான் அறிகிறோம். அத்தனை சூழ்ச்சிகளால் மீட்டுக் கொடுக்கப்பட்ட அரியணையிலிருந்து அவன் தானாக எழுந்து போகும் இடத்தைக் கொங்குவேளிர் எப்படி எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கறையான்களின் மேல் கோபம் வருகிறது.

பவானி வாசகர்: நானே மூன்று பாக நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். முதல் இரண்டு பாகங்கள் முடிந்துவிட்டன. மூன்றாவதில், சிறையிலிருக்கும் நாயகனுக்குக் குலதெய்வத்தின் அருளால் பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் கிடைத்து, சதிகாரர் அனைவரையும் அவையில் அம்பலப்படுத்துவதாக முடிக்கலாம் என்றிருக்கிறேன். தங்கள் கருத்து?

பதில்: முடிக்காதீர்கள். சதிகாரர் யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இரண்டு பாகங்களாக உங்கள் நாயகனின் உழைப்பு. அந்த உழைப்பைச் சாமி ஒரே இரவில் செய்துகொடுத்துவிட்டால் அவன் எதற்கு?

அந்த ஆற்றலை விட்டுவிட உங்களுக்கு மனமில்லை என்றால், அதை முதல் பாகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். தொடக்கத்திலேயே அது இருக்கட்டும். அதற்கு ஒரு விலையும் இருக்கட்டும். ஒருவர் மனத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் தன் நினைவு ஒன்றை அவன் இழக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தில் அவையில் ஏழு பேர் மனத்தைப் படிக்க வேண்டும், அவனிடம் மிஞ்சியிருப்பதோ தாயின் முகம் முதலான சில நினைவுகள் என்னும்போது, வாசகருக்குச் சதிகாரர் யார் என்பதைவிட அவன் எதை விடப்போகிறான் என்பதே பெரிதாகிவிடும். மாயம் முடிச்சைக் கூட்டலாம். அவிழ்ப்பதை மட்டும் மனிதர் கையில் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அவையில் சதிகாரன் எழுந்து நின்று, தான் ஏன் இதையெல்லாம் செய்தேன் என்று நான்கு பக்கம் பேசுவதாக எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இத்தனை காலம் வாயைக் கட்டிப் பிழைத்தவன் அந்த நேரத்திலா பேசுவான்?

காங்கேயம் வாசகர்: நாயகர் மாண்டுபோகும் முடிவு நிறைவளிக்குமா? நண்பர் ஒருவர், "செத்துப்போகிற கதையைக் காசு கொடுத்து யார் வாங்குவார்?" என்கிறார். எங்கள் அப்புச்சியோ அண்ணன்மார் கதையை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காதவர்.

பதில்: உங்கள் நண்பருக்கு உங்கள் அப்புச்சியே விடை. அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் மாளப்போகிறார்கள் என்பது உடுக்கடிப் பாட்டுக் கேட்க வந்து உட்காரும் சிறுவனுக்கும் தெரியும். பதினாறு ஆண்டுகளே ஆயுள் என்பது கதைக்குள்ளேயே அவர்கள் பிறக்குமுன் விதிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் அந்தக் கதையை மக்கள் விடியும்வரை உட்கார்ந்து கேட்டார்கள். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் வட்டாரத்தில்தான் அதை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார் என்பது உங்கள் ஊருக்குப் பெருமை.

அண்ணன்மார் மாண்டதோடு கதை நின்றுவிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். தங்கை தங்காள் படுகளம் தேடி நடந்து வருகிறாள். தெய்வ அருளால் அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு சிறிது நேரம் பேசிவிட்டு மீண்டும் மடிகிறார்கள். படுகளச் சடங்கில் வீழ்ந்து கிடப்போரைத் தண்ணீர் தெளித்து எழுப்பும்போது பார்த்து நிற்பவர் கண்ணெல்லாம் கலங்குவது இந்த இடத்துக்காகத்தான். சாவைத் தடுக்காமல், விடைபெற மட்டும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் நம் பாட்டுக்காரர்கள். நாயகனைக் கொல்லும் ஃபேன்டஸி எழுத்தாளர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்: கத்தி பாய்ந்த கையோடு திரையைப் போட்டுவிடுகிறார்கள், தங்காள் நடந்துவர நேரம் கொடுப்பதில்லை.

கோவை வாசகி: நான் படித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் பாகத்தில் முடிசூட்டு விழா முடிந்த பிறகும் எழுபது பக்கங்கள் மிச்சமிருக்கின்றன. பொறுமையாகப் படிக்கலாமா, மூடிவிடலாமா?

பதில்: எழுபது பக்கம் என்பதற்காகவே பயந்துவிட வேண்டாம். மேலே சொன்ன டோல்கீன் நூலில், கதையின் மையமான மாய மோதிரம் அழிந்த பிறகும் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன. வென்று வீடு திரும்பும் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் தங்கள் ஊரே சீரழிந்து கிடப்பதைக் கண்டு அதையும் மீட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டால் நாவல் பாதியாகிவிடும்.

அரண்மனைக் கதையில் முடிசூட்டு விழாவுக்கு மறுநாள் காலையை எழுதுவது இன்னும் கடினம். சூழ்ச்சியால் அரியணை ஏறியவரிடம் முதல் வழக்கு வருகிறது. அவருக்கு உதவிய ஒற்றன் கூலி கேட்டு வாசலில் நிற்கிறான். தோற்ற தரப்பைச் சேர்ந்த விதவை ஒருத்தி, இனித் தான் என்ன செய்வது என்று கேட்கிறாள். உங்கள் எழுபது பக்கங்களில் முதல் பத்தைப் படித்துப் பாருங்கள். அந்த ஒற்றன் அங்கே வந்துவிட்டால் மீதியையும் விடாமல் படியுங்கள். விருந்தும் திருமணமும் வாழ்த்துரையுமே ஓடிக்கொண்டிருந்தால், கடைசி இரண்டு பக்கங்களுக்குத் தாராளமாகத் தாவிவிடலாம். எழுத்தாளர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.